ஏற்றத்தில் நடங்கள், இறக்கத்துக்குப் பழகுங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: இதுவரை இரண்டு முழு மாரத்தான் ஓடியிருக்கிறேன், இரண்டும் தார்ச்சாலையில். இப்போது 60 கிலோமீட்டர் ட்ரெயில் அல்ட்ரா மாரத்தான் (மண்பாதையிலும் மலைப்பாதையிலும் ஓடும், மாரத்தானைவிட நீண்ட பந்தயம்) ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். முதல் 15 கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்கள், அதன்பின் மலையடிவாரக் காடு. மொத்த ஏற்றம் 2,400 மீட்டர், கெடு 15 மணி நேரம். மாரத்தானை நாலரை மணி நேரத்தில் முடித்த என்னால் இது ஆகுமா?

பதில்: ஆகும். ஆனால் அந்த நாலரை மணி நேரத்தை இன்றோடு மறந்துவிடுங்கள். "மாரத்தானைவிட 18 கிலோமீட்டர்தானே கூடுதல்" என்று நானும் என் முதல் பந்தயத்துக்கு முன் கணக்குப் போட்டேன். மலைப்பாதையில் தூரத்தோடு ஏற்றத்தையும் கூட்ட வேண்டும். 100 மீட்டர் ஏற்றம் ஒரு கிலோமீட்டருக்குச் சமம் என்பது ட்ரெயில் ஓட்டக்காரர்களிடம் புழங்கும் கணக்கு. அதன்படி உங்கள் 60 கிலோமீட்டர் 84 ஆகிவிடுகிறது. இன்னொரு பழைய விதியும் உண்டு. நடப்பவருக்கு மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்னது. அப்படிப் பார்த்தால் முழுவதும் நடந்தே போனால் 16 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஏற்றங்களில் நடந்து, சமதளத்திலும் இறக்கத்திலும் மெல்ல ஓடினால் கெடுவுக்குள் வந்துவிடலாம்.

ஆபத்து முதல் 15 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. விடியற்காலைக் குளிர், டிராக்டர் போய்ப் போய் இறுகிய அகலமான மண்பாதை, இரண்டு பக்கமும் கொடி படர்ந்த கம்பங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். கால்கள் தாமாக ஓடும். நான் ஓடினேன். திட்டமிட்டதைவிட இருபது நிமிடம் முன்னதாகக் காட்டுக்குள் நுழைந்தபோது பெருமையாகக்கூட இருந்தது. 38ஆவது கிலோமீட்டரில் ஒரு நீண்ட இறக்கம். தொடையின் முன்பக்கம் மரத்துப்போய், முழங்கால் மடங்கினால் அப்படியே சரிந்துவிடுவேன் என்ற நிலை. பக்கவாட்டில் திரும்பி, மரத்துக்கு மரம் கைவைத்து இறங்கினேன். சேமித்த இருபது நிமிடத்துக்கு அந்த ஓர் இறக்கத்தில் நாற்பது நிமிடம் கொடுத்தேன்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறக்கம் அப்படியல்ல. தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது, அப்போது தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. ஓய்வெடுத்தாலும் அன்றைக்கே அது ஆறாது. ஆனால் தசை இதைக் கற்றுக்கொள்ளும். ஒரு முறை இறக்கத்தில் ஓடிப் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்தோடு செய்கிறது. எனவே பத்து நாளைக்கு ஒரு முறை இறக்கம் ஓடுங்கள். கடைசிப் பயிற்சி பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பே முடிந்துவிடட்டும். குதிகாலை ஊன்றிப் பின்னால் சாயாதீர்கள். எடுத்துவைக்கும் அடி சிறிதாக, வேகமாக இருக்கட்டும்.

முதல் நாள் மழை பெய்திருந்தால் தோட்டத்துக் களிமண் வேறொரு சோதனை. பத்தடிக்குள் ஷூவின் அடியில் அப்பிவிடும். அதன்மேல் உதிர்ந்த இலை, சரளை, மறுபடி களிமண் என்று ஏறி, காலுக்கு ஒரு செங்கல்லைக் கட்டியது போலாகிவிடும். பாதையின் நடுவில் புல் முளைத்த பட்டை இருந்தால் அதன்மேல் போங்கள். நிலைதடுமாறினாலும் கொடிக் கம்பியைப் பிடிக்காதீர்கள். பழம் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கினாலும் பறிக்க வேண்டாம். பூஞ்சைக்கு மருந்து தெளித்திருப்பார்கள் என்பது ஒரு காரணம். அது ஒருவருடைய ஓராண்டு உழைப்பு என்பதை நான் பெரிய காரணமாக நினைக்கிறேன். நம்மைத் தன் நிலத்தின் வழியே ஓடவிட்டதே அவருடைய பெருந்தன்மை.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும்? தாகம் வருமுன்பே குடிக்க வேண்டும் என்கிறார்கள்.

பதில்: தாகத்துக்குக் குடியுங்கள், அது போதும். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். உயிரையே பறிக்கக்கூடிய நிலை இது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம் அது அதிகம் காணப்பட்டது. விரலில் மோதிரம் இறுகுகிறது, தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றால் தண்ணீரை நிறுத்திவிட்டு உதவி நிலையத்தில் இருக்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலி மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். இபுபுரூஃபன் போன்றவை, நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்கு மேலும் சுமை ஏற்றும்.

கேள்வி: பாதக் கொப்புளத்துக்கு என்ன செய்வது?

பதில்: சூடாக உறுத்தத் தொடங்கியதும் நின்றுவிடுங்கள். "அடுத்த நிலையம் வரட்டும்" என்று இருக்காதீர்கள். உட்கார்ந்து, மண்ணைத் தட்டி, உலர்த்தி, டேப் ஒட்ட மூன்று நிமிடம் ஆகும்.

கேள்வி: நான் மெதுவாக ஓடும் பெண். கடைசிப் பத்து கிலோமீட்டர் இருட்டில், காட்டுக்குள் தனியாக வர நேரும். பயமாக இருக்கிறது என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

பதில்: நான் சிரிக்க மாட்டேன், சகோதரி. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதற்காகப் பந்தயத்தை விட்டுவிடாதீர்கள். இருட்டுக்கும் பயிற்சி உண்டு.

நெற்றி விளக்கு மட்டும் போதாது. ஒளி கண்ணின் மட்டத்திலிருந்தே விழுவதால் வேர்களின் நிழல் தெரியாமல் தரை தட்டையாகத் தோன்றும். இன்னொரு சிறிய விளக்கை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேரும் கல்லும் நிழலோடு எழுந்து நிற்கும். மாற்று பேட்டரி கட்டாயம். பாதை அடையாளம் சில நிமிடங்களாகக் கண்ணில் படவில்லையென்றால் முன்னே தேடிப் போகாமல், கடைசியாகப் பார்த்த அடையாளத்துக்குத் திரும்பிவிடுங்கள். கடைசி உதவி நிலையத்தில், உங்கள் வேகத்தில் வரும் ஒருவருக்காக ஐந்து நிமிடம் காத்திருப்பதில் தவறே இல்லை. நான் அப்படிக் காத்திருந்து சேர்ந்துகொண்ட அம்மையாருடன் ஒன்பது கிலோமீட்டர் வந்தேன். இருவருக்கும் பொது மொழி கிடையாது. "வேர்" என்பதை அவர் ஊன்றுகோலால் இருமுறை தட்டிச் சொல்வார், நானும் பின்னால் தட்டுவேன்.

பந்தயத்துக்கு முன் இரண்டு முறையாவது நம்பிக்கையான ஒருவரோடு இரவில் காட்டுப்பாதையில் நடந்து பாருங்கள். முதல் முறை ஒவ்வொரு சலசலப்புக்கும் நிற்பீர்கள். இரண்டாம் முறை ஆந்தையின் சத்தம் ஆந்தையின் சத்தமாகவே கேட்கும்.