அளவு ஜாடியில் ஒரே தண்ணீரை மூன்று பேர் பார்த்தால் மூன்று அளவு சொல்கிறோம். எது சரி?

பெரும்பாலும் ஜாடி மேல் குற்றம் இருக்காது. மூன்று பேரின் கண்ணும் எந்த உயரத்தில் இருந்தன என்றுதான் முதலில் கேட்பேன்.

கல்லூரி முதலாண்டில் நானும் ஜாடியைக் கையில் தூக்கிப் பிடித்துத்தான் அளவு பார்த்தேன். ஆய்வக உதவியாளர் அதை வாங்கி மேசையில் வைத்து, "ஜாடியைத் தூக்காதே தம்பி, நீ குனி" என்றார். கையில் பிடித்தால் ஜாடி கொஞ்சமாவது சாயும், மட்டமும் ஆடிக்கொண்டே இருக்கும். குனிந்து பார்த்தேன். தண்ணீர் ஓரங்களில் கண்ணாடியைப் பற்றி ஏறி, நடுவில் குழிந்து, பிறை போல நின்றது. அந்தக் குழியின் அடி எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுதான் அளவு.

கோடுகள் இருப்பது வெளிச்சுவரில், குழி இருப்பது ஜாடியின் நடுவில். அதனால் மேலிருந்து பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும். கீழிருந்து பார்த்தால் குறைவாக. இதைத்தான் இடமாறு தோற்றப்பிழை என்று படித்திருப்பீர்கள். சில ஜாடிகளில் பெரிய கோடுகள் வளையமாகச் சுற்றி ஓடும். முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரிந்தால் கண் சரியான மட்டத்தில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. பின்னால் ஒரு வெள்ளை அட்டை வைத்தால் பிறை இன்னும் தெளிவாகத் தெரியும்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் போல அடர்ந்த நிறக் கரைசலில் குழியின் அடி தெரியாது. அங்கே மேல் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். பாதரசம் நடுவில் மேடாக நிற்கும், அதற்கு உச்சியைப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் ஜாடியில் தண்ணீர் அநேகமாகத் தட்டையாகவே நிற்கும்.

அப்புறம் ஜாடியின் அளவு. 8 மி.லி. எடுக்க 100 மி.லி. ஜாடியை எடுக்காதீர்கள். அதில் பொதுவாக ஒரு கோட்டுக்கு 1 மி.லி.; அரைக் கோடு தவறினாலே 8-க்கு 6 சதவீதத்துக்கு மேல் பிழை. 10 மி.லி. ஜாடியில் கோடுகள் பெரும்பாலும் 0.2 மி.லி. இடைவெளியில் இருக்கும். கோட்டை நெருங்கும்போது ஊற்றுவதை நிறுத்திவிட்டு, கடைசிச் சொட்டுகளை டிராப்பரால் விடுங்கள். பீக்கரில் இருக்கும் கோடுகளை நம்பி அளக்கவே வேண்டாம், அவை உத்தேசமானவை.

இவ்வளவுக்குப் பிறகும் மூன்று பேரும் ஒத்துப்போகவில்லையா? சரி, தராசிடம் கேளுங்கள். உலர்ந்த ஜாடியை எடை போட்டு, வாலை வடிநீரை 50 மி.லி. கோடு வரை ஊற்றி மறுபடி எடை போடுங்கள். 20 டிகிரி செல்சியஸில் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 49.9 கிராம் வர வேண்டும். யார் கோட்டில் நிறுத்தியபோது எடை இதற்கு மிக அருகில் வருகிறதோ, அவர் குனிந்த உயரத்தை மற்ற இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள்.