பஞ்சாரத்தடி: கோழி கேள்வி – பதில்

(புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஓட்டு வீடு, கொல்லையில் ஒரு முருங்கை, 9 கோழி. இதுதான் என் தகுதி. டாக்டர் இல்லை, வளர்க்கிறவள். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.)

சிறுவிடைக் கோழிக்கு 15 முட்டை அடை வைத்தேன். 6 குஞ்சுதான் வந்தது. நடுவில் ஒருநாள் பலத்த இடி. முட்டை கலங்கிவிட்டது என்கிறார் மாமியார். உண்மையா? – வாசகி, மணப்பாறை

மாமியாரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் எனக்கு இடியைவிட அந்த 15 மேல்தான் சந்தேகம். சிறுவிடை சின்ன உடம்பு நாட்டுக்கோழி, அதன் அடியில் 9 அடங்கும், மிஞ்சினால் 11. அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது. கோழி சும்மாவும் உட்காராது, அலகால் புரட்டிப் புரட்டி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு ஓரத்தில் கிடந்தது நாளைக்கு உள்ளே போகும், உள்ளே இருந்தது ஓரத்துக்கு வரும். ஆக எல்லா முட்டையும் முறை வைத்துக் குளிரில் கிடக்கும்.

அப்புறம், ஒரு நாட்டுக்கோழி 15 முட்டை இட எப்படியும் மூன்று வாரம் ஆகும். முதலில் இட்டது அதற்குள் பழசாகிவிடும். கடைசி பத்து நாள் முட்டையை மட்டும் அடைக்கு எடுங்கள், முந்தினதைக் குழம்பில் உடைத்து ஊற்றுங்கள். ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு முட்டையாக டார்ச் மேல் வைத்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். 21-ம் நாள் மிச்சத்துக்கு ஓடு விரியும்.

என் அம்மா அடைக்கூடையில் அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய், ஒரு இரும்பு ஆணி போடுவாள், இடி தாக்காதாம். நானும் இன்றுவரை ஆணி போடுகிறேன். இடிக்காக இல்லை, அம்மாவுக்காக.

சேவல் இல்லாமல் பெட்டை முட்டை இடுமா? – வாசகர், விராலிமலை

இடும். குஞ்சுதான் வராது.

நன்றாக மேய்ந்துகொண்டிருந்த கோழி திடீரென்று தூங்கி வழிகிறது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது. நேற்று ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு செத்துப்போனது. சின்ன வெங்காயமும் மஞ்சளும் கொடுக்கிறேன். வேறென்ன கொடுக்கலாம்? – வாசகி, துவரங்குறிச்சி

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கொல்லைதான் கண்ணில் வந்தது. சில வருடம் முன்னால் சந்தையில் ஒரு கருப்புப் பெட்டை வாங்கினேன். கொண்டை சிவந்து, பார்க்க அவ்வளவு அழகு. வந்த அன்றே மற்றதோடு ஒரே பஞ்சாரக் கூடையில் கவிழ்த்தேன். நாலாம் நாள் அது தலையைத் தொங்கப் போட்டது. அடுத்த ஐந்து நாளில் 14-ல் 11 போய்விட்டது. நானும் வெங்காயம் உரித்தேன், சீரகம் அரைத்தேன், கீழாநெல்லி தேடி வயல் வரப்பெல்லாம் அலைந்தேன்.

நீங்கள் சொல்வது வெள்ளைக்கழிச்சல் போலத்தான் இருக்கிறது. ராணிகெட் என்பதும் இதைத்தான். இது வைரஸ் நோய். வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது, வராமல் தடுக்க மட்டுமே வழி உண்டு. வெங்காயம் கொடுப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் அதைத் தடுப்பூசி என்று நினைத்துவிடக் கூடாது. நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இப்போதைக்கு, தெளிவாக இருப்பதை உடனே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். செத்ததைக் குளத்திலோ குப்பையிலோ வீசாமல் ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்புத் தூள் போட்டு மூடுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் தெருவே காலியாகிறது.

இனி வளர்ப்பதற்கு: குஞ்சு பொரித்து ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு. எட்டு வாரம் ஆனதும் இறக்கையடியில் ஊசி. அரசு மருந்தகத்தில் கேளுங்கள், பிப்ரவரியில் இதற்கென்றே இரண்டு வார முகாமும் நடத்துகிறார்கள். மருந்தை ஐஸில் வைத்து எடுத்துவர வேண்டும், பஸ்ஸில் வெயிலில் பிடித்துக்கொண்டு வந்தால் வெறும் தண்ணீர்தான். சந்தையில் வாங்கியதை மூன்று வாரமாவது தனியாகக் கட்டிப் போடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

எங்கள் பெட்டைக்கோழி சேவல் மாதிரி கூவுகிறது. வீட்டுக்கு ஆகாது, அறுத்துவிடு என்கிறார்கள். – வாசகி, இலுப்பூர்

என் மாமியார் காலமாக இருந்தால் அன்றைக்கே சட்டிக்குப் போயிருக்கும். பெட்டைக்கு இடப்பக்கத்துச் சினைப்பை ஒன்றுதான் வேலை செய்கிறது. வயதாகியோ நோயாலோ அது கெட்டால் ஆண் சுரப்பு தலைதூக்கும். கொண்டை பெருக்கும், கூவும், முட்டை நிற்கும். அவ்வளவுதான் சகுனம். சேவல் இல்லாத கூட்டத்தில் அதிகாரம் பண்ணுகிற பெட்டை கூவுவதும் உண்டு. எங்கள் சேவலை நாய் கடித்துப்போட்ட பிறகு செவலைப் பெட்டை ஒரு மாதம் கூவியது, புதுச் சேவல் வந்ததும் வாயை மூடிக்கொண்டது. உங்கள் வீட்டில் சேவல் இருக்கிறதா, அதை எழுதவில்லையே?

மூன்று மணிக்கே சேவல் கூவுகிறது. மாடி வீட்டுக்காரர் திட்டுகிறார். கூண்டை மூடி வைத்தால் நிற்குமா? – வாசகர், திருச்சி

நானும் கோணிச்சாக்கு போட்டு மூடிப் பார்த்தேன். சாக்குக்குள்ளிருந்து கூவியது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்துக்காரர்கள் சேவல்களை மங்கலான வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்து 2013-ல் எழுதினார்கள்: விடிவது தெரியாவிட்டாலும் வேளை வந்தால் கூவுகிறது, கடிகாரம் அதன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அதற்குச் சாக்கு என்ன செய்யும்? நகரத்தில் முட்டைதான் வேண்டுமென்றால் பெட்டை மட்டும் வளர்க்கலாம், மேலே விராலிமலைக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். சேவல் வேண்டும் என்றால் மாடிக்கு வாரம் நாலு முட்டை அனுப்புங்கள். எங்கள் தெருவில் அது வேலை செய்தது.

பாசமாக வளர்த்துவிட்டு அதையே குழம்பு வைக்க உங்களுக்கு மனது வருமா? – வாசகி, காரைக்குடி

பேர் வைக்காததாக இருந்தால் வரும். போன லீவுக்கு வந்த பேத்தி 9-க்கும் பேர் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை இப்போது கடைக்குத்தான் போகிறோம்.