வீட்டு வளவுக்குப் புல்வெட்டும் மெஷின்: பெற்றோலா, கரண்டா?

திருகோணமலை உப்புவெளியில் 10 பேர்ச் வளவு, பெற்றோல் மெஷினா கரண்ட் மெஷினா என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு இடத்துக்கு நான் கரண்டைத்தான் சொல்வேன். பாரமும் சத்தமும் குறைவு, பக்கத்து வீட்டுக்காரரும் ஏசமாட்டார். ஆனால் திருகோணமலையில் புல் மளமளவென்று வளர்வதே ஐப்பசி, கார்த்திகை மழையோடுதான், ஈரப் புல்லில் வயரை இழுத்துக்கொண்டு திரிவது ஆபத்து, ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக விழுகிறதா என்று முதலில் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்கள், மழை விட்டுப் புல் காய்ந்த பிறகே வெட்டுங்கள். மெல்லிய நீள வயர் போட்டால் வோல்டேஜ் குறைந்து மோட்டர் சூடாகும். பற்றரி மெஷினில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் மாற்றுப் பற்றரியின் விலையையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வளவு பெரிது, இடுப்பளவு பற்றை என்றால் பெற்றோல்தான், வேறு பேச்சில்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் பெற்றோலில் ஒயில் கலக்க வேண்டும். 25 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில், 50க்கு 1 என்று மெஷினுக்கு மெஷின் மாறும், கூட வரும் புத்தகத்தைப் பாருங்கள். கோடையில் புல் கருகி மெஷின் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும், அப்போது டாங்கியில் பெற்றோலை விட்டுவைத்தால் காபுரேற்றர் அடைத்து, மாரி தொடங்கும் நேரம் பார்த்து ஸ்டார்ட் ஆகாது.

எதை வாங்கினாலும் கண்ணாடி போடுங்கள், கல் தெறிக்கும்.