பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். சிஎம்பி (பெருவெடிப்பின் எச்ச ஒளி), 21 செ.மீ. சிக்னல் (ஆதி ஹைட்ரஜன் அணுக்களின் ரேடியோ அலை) இரண்டையும் சேர்த்து புராஜெக்ட் செய்ய லேப்டாப் போதுமா? மாடியில் ஆண்டெனா வைத்தால் தரவு கிடைக்குமா?

லேப்டாப் தாராளமாகப் போதும். ஆண்டெனா வேண்டாம்.

இரண்டு வான்படங்களையும் நேரடியாக ஒப்பிடுவதில் முதலில் இறங்காதீர்கள். 21 செ.மீ. தரவில் நம் பால்வீதியின் இரைச்சல் சிக்னலைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது. அது அலைவரிசையோடு சீராக மாறுவதால், சீரான பகுதியை மொத்தமாகக் கழித்துவிடுவார்கள். சிஎம்பி ஒத்துப்போவதோ அந்தச் சீரான பகுதியோடுதான். கழித்தபின் ஒன்றும் தேறாது. அரைகுறையாகக் கழித்தால், இரண்டு படத்திலும் இருக்கிற பால்வீதியே பொய்யான தொடர்பாக வந்து நிற்கும்.

நல்ல வழி டௌ. முதல் விண்மீன்கள் விடுவித்த எலக்ட்ரான்கள் சிஎம்பி ஒளியை எவ்வளவு சிதறடித்தன என்பதன் அளவு அது. பிளாங்க் விண்கலத்தின் 2018 முடிவு 0.054, பிழை 0.007. சிஎம்பியைக் கணக்கிடும் கேம்ப் (CAMB) நிரலில் டௌ 0.054, ஆதி வீச்சு (பிரபஞ்சத் தொடக்க ஏற்ற இறக்கங்களின் அளவு) 2.10×10⁻⁹ என்று ஒருமுறை ஓட்டுங்கள், பிறகு 0.068, 2.16×10⁻⁹. எல் (வானில் கோண அளவைக் குறிக்கும் எண்; கூடினால் சிறிய கோணம்) 100-க்கு மேல் வெப்பநிலை வளைவுகள் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று படியும். எல் 10-க்குக் கீழே இ-மோடு (சிஎம்பி ஒளியின் ஒருவகை முனைவாக்கம்) மேடு மட்டும் சுமார் 60 சதவீதம் உயரும். வீச்சில் வரும் இந்த 3 சதவீதக் குழப்பம்தான் நியூட்ரினோ நிறையை அளக்க விடாமல் தடுக்கிறது, 0.06 எலக்ட்ரான் வோல்ட் நிறையின் விளைவும் அதே சில சதவீதம்தான்.

இங்கேதான் 21 செ.மீ. கைகொடுக்கிறது: ஹைட்ரஜன் எப்போது அயனியானது என்று அது காட்டும். 21சிஎம்ஃபாஸ்ட் என்ற சிமுலேஷன் நிரலில் 200 மெகாபார்செக் பெட்டி, பக்கத்துக்கு 128 கட்டம் வையுங்கள். 8 ஜிபி ரேம் தாங்கும். ஒவ்வொரு சிவப்புப்பெயர்ச்சியிலும் (எவ்வளவு பழைய காலம் என்பதன் அளவு) அயனியான பங்கை எடுத்து, எலக்ட்ரான் அடர்த்தியைத் தொகையிட்டால் டௌ வந்துவிடும். பங்கை அடர்த்தியோடு பெருக்கியே சராசரி எடுங்கள். அடர்ந்த இடங்கள்தான் முதலில் அயனியாகின்றன. ஹீலியத்தின் முதல் எலக்ட்ரானை விட்டால் டௌ 7 சதவீதம் குறையும். அது 0.004, பிளாங்கின் பிழையில் பாதிக்கு மேல்!

ஆண்டெனா ஏன் வேண்டாம்? 21 செ.மீ. அலை, அதாவது ஹைட்ரஜனின் 1420.4 மெகாஹெர்ட்ஸ் கோடு, சிவப்புப்பெயர்ச்சி 12 முதல் 15 வரையிலான காலத்திலிருந்து வரும்போது 88–108 மெகாஹெர்ட்ஸில் விழுகிறது. நம்மூர் எஃப்.எம். முழுக்க அங்கேதான். பணகுடிப் பக்கம் ஒதுங்கினாலும் காற்றாலை இறக்கைகள் அதே அலைகளைத் திருப்பியடிக்கும். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனம் சாரஸ் 3 ஆண்டெனாவைக் கர்நாடக நீர்நிலைகளில் மிதக்கவிட்டது இதனால்தான்: ஆளரவமற்ற இடம், அடியில் ஒரே சீரான நீர். 78 மெகாஹெர்ட்ஸில் 21 செ.மீ. சிக்னலின் பள்ளம் கண்டதாக எட்ஜஸ் குழு 2018-இல் சொன்னதை 2022-இல் மறுத்தது அந்தக் கருவிதான்.

ஆண்டெனா கட்டியே தீருவேன் என்றால் 1420.4-லேயே பால்வீதி ஹைட்ரஜனைப் பிடியுங்கள். தகர ஹார்ன், இரைச்சல் குறைந்த பெருக்கி, ஆர்டிஎல்-எஸ்டிஆர் (யுஎஸ்பி ரேடியோ ரிசீவர்) போதும். ஆனால் அது வேறு புராஜெக்ட்.