ரிச்சர்ட் சியர்ஸ்: அமெரிக்க டென்னிஸின் முதல் சாம்பியன் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சியர்ஸ் யார்? எந்தப் போட்டியில் வென்று முதல் சாம்பியன் ஆனார்?

பதில்: 1861இல் பாஸ்டனில் பிறந்தவர். அமெரிக்காவின் முதல் தேசிய டென்னிஸ் போட்டி 1881 ஆகஸ்ட் 31 அன்று ரோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட் கேசினோவின் புல்தரையில் தொடங்கியபோது, அவர் 19 வயது ஹார்வர்டு மாணவர். இறுதியாட்டத்தில் வில்லியம் கிளின் என்ற ஆங்கிலேயரை 6-0, 6-3, 6-2 என வீழ்த்தினார். அன்று தொடங்கி 1887 வரை ஏழு ஆண்டுகளும் பட்டம் அவரிடமே இருந்தது.

கேள்வி: ஒரு மாணவரால் அத்தனை எளிதாக எப்படி வெல்ல முடிந்தது?

பதில்: காரணம் வலையில் இருக்கிறது. அன்றைய வலை நடுவில் மூன்றடி உயரமும் இரு கம்பங்களின் அருகே நான்கடி உயரமும் இருந்ததால், ஓரமாக நேர்கோட்டில் அடிப்பது கடினம். பெரும்பாலான பந்துகள் தாழ்வான நடுப்பகுதியைத் தாண்டியே வந்தன. இதைப் புரிந்துகொண்ட சியர்ஸ் வலையை நெருங்கி நின்று, பந்து தரையைத் தொடுமுன் ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமும் மெதுவாகத் தட்டிவிட்டார். எதிராளி இங்குமங்கும் ஓடியே களைத்துப்போனார். அதற்கு அவர் பயன்படுத்திய ராக்கெட்டின் எடை 16 அவுன்ஸ், அதாவது சுமார் 450 கிராம். இன்றைய ராக்கெட்டைப் பிடித்துப் பழகிய கைக்கு அது எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: நடப்பு சாம்பியன் ஒரே ஓர் ஆட்டம் ஆடினால் போதும் என்ற விதி அப்போது இருந்ததாமே? அப்படியானால் ஏழு பட்டங்களுக்கு என்ன மதிப்பு?

பதில்: நியாயமான ஐயம். அந்த விதி 1884இல்தான் அமெரிக்காவுக்கு வந்தது. மற்றவர்கள் தமக்குள் மோதி ஒருவரைத் தேர்ந்தெடுக்க, அவரை மட்டும் சாம்பியன் சந்திப்பார். எனவே கடைசி நான்கு பட்டங்களை சியர்ஸ் ஆண்டுக்கு ஓர் ஆட்டம் ஆடிக் காத்துக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் முதல் மூன்று பட்டங்களை எல்லாரையும் போல முதல் சுற்றிலிருந்து ஆடி, ஒரு செட்டைக்கூட இழக்காமல் வென்றார். அவரை அளக்க வேண்டிய இடம் அந்த மூன்று ஆண்டுகள்தான் என்பது என் உறுதியான கருத்து. ஏழு தொடர் பட்டங்களை அந்தப் போட்டியில் வேறெந்த ஆணும் இன்றுவரை எட்டவில்லை. பின்னாளில் புகழ்பெற்ற அமெரிக்க ஆட்டக்காரர் பில் டில்டன்கூட 1920 முதல் 1925 வரை ஆறோடு நின்றார்.

கேள்வி: இரட்டையரிலும் வென்றாரா?

பதில்: ஆறு முறை. ஐந்து முறை ஜேம்ஸ் டுவைட்டுடனும், 1885இல் ஜோசப் கிளார்க்குடனும். வயதில் மூத்த அந்த டுவைட்டைத்தான் 1883 ஒற்றையர் இறுதியில் 6-2, 6-0, 9-7 என வென்றார்.

கேள்வி: 25 வயதிலேயே ஏன் விலகினார்?

பதில்: கழுத்துக் காயம். 1887இல் ஹென்றி ஸ்லோகமை வீழ்த்திய பிறகு, மறு ஆண்டு பட்டத்தைக் காக்க அவர் வரவில்லை. ஆனாலும் ஆட்டத்தை முழுதாக விடவில்லை: நான்கு சுவர்களுக்குள் ஆடப்படும் பழைய கோர்ட் டென்னிஸில் 1892இல் அமெரிக்க சாம்பியன் ஆனார். 1943இல் மறைந்தார். 1955இல் டென்னிஸ் புகழரங்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அவர் வென்ற அதே நியூபோர்ட் கேசினோவில்தான் அந்த அரங்கம் இருக்கிறது. சென்னையின் விஜய் அமிர்தராஜ் 2024இல் அங்கே இடம்பெற்றார்.