பெப்பர்காக்கே வீடு சரிந்துவிட்டதா? பேர்கனுக்குப் புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை வாசித்ததும் உடனே பதில் எழுத வேண்டும் போலிருந்தது. நோர்வேயின் பேர்கன் நகரில் இது உங்களுக்கு முதல் நத்தார்க் காலம். விருப்பமான குடும்பங்கள் பெப்பர்காக்கே (வாசனைச் சரக்குகள் சேர்த்த நத்தார் பிஸ்கட்) வீடு செய்து தரலாம் என்று நான்கு வயது மகளின் பார்னஹாகேயிலிருந்து (பாலர் பள்ளி) கடிதம் வந்திருக்கிறது. வேலை முடிந்து வந்த ஒரு மாலையில் மகளையும் இரண்டு வயது மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பார்த்திருக்கிறீர்கள். மா கையோடு ஒட்டியது, சுவர்கள் ஓவனுக்குள் கோணலாகப் போயின, கூரை வைத்ததும் வீடு சரிந்தது, மகள் அழுதழுது நித்திரையாகிவிட்டாள். எங்கே பிழைத்தது, பேசாமல் கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

ஒரே மாலையில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்ததுதான் காரணம். இந்தப் பலகாரம் ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. நோர்வேக்காரருக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும் என்பதால் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

பட்டர் 150 கிராம், சீனி 2 டெசிலிட்டர் (200 மில்லிலிட்டர்), சிரப் 1 டெசிலிட்டர். இவற்றைச் சூடாக்கிக் கரைத்து, கொஞ்சம் ஆறியதும் 1 டெசிலிட்டர் கிரீம், கறுவாத்தூள் 2 தேக்கரண்டி, இஞ்சி, கராம்பு, மிளகுத் தூள்கள் அரைத் தேக்கரண்டி வீதம், அப்பச்சோடா 1 தேக்கரண்டி, கடைசியில் கோதுமை மா 450 கிராம் அளவில் சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் அது தளதளவென்றுதான் இருக்கும். பதம் வரவில்லை என்று நினைத்து மேலும் மேலும் மா போட்டால் சுட்ட பிறகு கல்லாகிவிடும். அப்படியே மூடி ஒரு இரவு பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். உருகிய பட்டர் திரும்ப இறுகும், மாவும் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். அடுத்த நாள் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள்: பள்ளம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. பிள்ளைகளைக் கூப்பிட வேண்டியது அப்போதுதான். இளகின மாவைச் சின்னக் கைகளில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் ஒருவர் அழுவார், மற்றவரின் தலைமயிரெல்லாம் மா.

மாவை மேசையில் உருட்டித் தூக்கப் போகாதீர்கள். பேக்கிங் பேப்பரின் மேலேயே உருட்டி, அட்டையில் வெட்டிய வடிவத்தை வைத்துச் சுவரை வெட்டி, சுற்றியுள்ள மிச்ச மாவை மட்டும் உரித்து எடுங்கள். பேப்பரோடு தட்டில் ஏற்றி 175 பாகையில் பத்து நிமிடமளவு சுட்டால் போதும். எப்படிச் சுட்டாலும் மா கொஞ்சம் பரவும். வெளியே எடுத்த உடனே, இன்னும் மென்மையாக இருக்கும்போதே, அதே அட்டையைத் திரும்ப மேலே வைத்து ஓரங்களைக் கத்தியால் நேராக்கிவிடுங்கள். வீடு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்த ஒரு நிமிட வேலையில்தான். ஆறிவிட்டால் வெட்ட முடியாது, நொறுங்கும்.

சின்னவனுக்கு வீடு கட்டுவதில் பங்கு வேண்டாம். அவனுக்கென்று ஒரு உருண்டை மாவும் ஒரு நட்சத்திர அச்சும் கொடுங்கள். இந்த மாவில் முட்டை இல்லைதான், ஆனாலும் பச்சை மாவில் கிருமி இருக்கக்கூடும். நிறையத் தின்ன விடாதீர்கள்.

சுவர்களை உருக்கிய சீனியால் ஒட்டும் வழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது கொதிநீரைவிட எவ்வளவோ சூடு, தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு எரிக்கும். ஓவன் தட்டிலோ வேறெதிலோ கை சுட்டுவிட்டால் 20 பாகை அளவான தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஐஸ் வைக்க வேண்டாம், பற்பசை பூச வேண்டாம். ஒட்டுவதற்கு முட்டை வெள்ளையில் ஐசிங் சீனியைக் கெட்டியாக அடித்த கலவை போதும். அலங்காரத்தைச் சுவர்கள் படுத்திருக்கும்போதே பிள்ளைகள் செய்து முடிக்கட்டும். பிறகு நீங்கள் நிமிர்த்தி, உள்ளேயும் வெளியேயும் டின்மீன் டின்களை முட்டுக் கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். கூரையை மறுநாள்தான் வைக்க வேண்டும். உங்கள் வீட்டில் கூரை சரிந்தது ஐசிங் காய முதல் பாரம் ஏறியதால்தான்.

சைவ வீடென்றால் அலங்காரத்துக்கான ஜெலி இனிப்புகளின் பொதியைப் பார்த்து வாங்குங்கள், பலவற்றில் ஜெலட்டின் இருக்கும். கறுவா நம் ஊர்க் கறுவாவாகவே இருக்கட்டும். இங்கே கடைகளில் அதிகம் கிடைக்கும் காசியா என்ற கறுவா வகையில் குமரின் என்ற பொருள் அதிகம், பிள்ளைகளுக்கு அது நல்லதல்ல. இலங்கைக் கறுவாவில் அது மிகக் குறைவு.

கடையில் வாங்குவதா? தயார் மாவு தாராளமாக வாங்கலாம். நவம்பர் வந்தால் எல்லா சுப்பர் மார்க்கெட்டிலும் குவித்து வைத்திருப்பார்கள், நோர்வே வீடுகளிலும் அதைத்தான் நிறையப் பேர் வாங்குகிறார்கள். ஆனால் செய்து முடித்த அழகான வீட்டை வாங்கி மகளின் பெயரில் கொடுக்க வேண்டாம். 1991 முதல் இந்த ஊரில் வைக்கப்படும் பெப்பர்காக்கே நகரம் என்ற கண்காட்சிக்கு ஒருமுறை இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெரியவர்கள் கட்டிய கப்பலும் பாலமும் நிற்கிற இடத்திலேயே, பார்னஹாகேப் பிள்ளைகளின் சாய்ந்த வீடுகளும் ஐசிங் வழிந்த கதவுகளும் வரிசையாக நிற்கும். பிள்ளைகள் அங்கே வந்து தேடுவது தங்கள் வீட்டைத்தான். 2009 நவம்பரில் ஒரு இரவில் யாரோ புகுந்து அந்த நகரம் முழுவதையும் உடைத்துப் போட்டார்கள். ஊரே திரும்ப மா குழைத்தது, அந்த வருட நத்தாருக்கும் நகரம் எழுந்து நின்றது. மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், நான்கு வயதுக்கு நன்றாகவே விளங்கும். நத்தார் முடிந்ததும் இங்கே பிள்ளைகள் தங்கள் வீட்டைத் தாங்களே உடைத்துத் தின்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, இந்த வெள்ளி இரவு பிள்ளைகள் படுத்த பிறகு மாவைக் குழைத்து வையுங்கள். சனி காலை வெட்டிச் சுட்டு அலங்கரித்து, மாலையில் சுவரை நிமிர்த்தினால் ஞாயிறு கூரை. சனி, ஞாயிறு மழை என்றால் (இங்கே வேறென்ன) சுவர்கள் ஈரத்தை இழுத்து இளகிவிடும். ஒட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் குறைந்த சூட்டில் ஓவனில் வைத்து, நன்றாக ஆறவிட்டு எடுங்கள். அட்டை வடிவங்கள் என்னிடம் இருக்கின்றன, தேவையென்றால் சொல்லுங்கள், வெள்ளிக்கு முன் கொண்டுவந்து தருகிறேன்.