லெந்துலு எழுதாத கடிதம்

கேள்வி: எங்கள் சபையில் 11 வருடமாக ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், பைபிளைத் தவிர வேற எதுலயாவது இயேசு இருந்தாருன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டாள். இயேசுவை நேரில் பார்த்த லெந்துலு என்ற அதிகாரி ரோமாபுரிக்கு எழுதியது என்று ஒரு கடிதம் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அதை வாசித்துக் காட்டினேன். அடுத்த வாரம் அவள் அது போலி என்று ஃபோனில் எடுத்துக் காட்டினாள். பிள்ளைகள் முன்னால் வாயடைத்து நின்றேன். போதகர் ஐயா, "இதையெல்லாம் கிளறாதீங்கம்மா, விசுவாசம் போதும்" என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வகுப்புக்குள் இனி எந்த முகத்தோடு போவது?
பெயர் வேண்டாம், நாகர்கோவில்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பிள்ளைக்கு என் சார்பில் ஒரு சபாஷ் சொல்லிவிடுங்கள். நீங்களும் ரொம்ப வருத்தப்பட வேண்டாம். அந்தக் கடிதத்தை நம்பி 500 வருடத்துக்கு மேலாகப் பெரிய பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள்.

அதை இன்னொரு தரம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். நடுவகிடு எடுத்த தலைமுடி, தோளில் புரளும் சுருள், நுனியில் இரண்டாகப் பிரிந்த தாடி, சிரித்து யாரும் பார்த்ததில்லை, அழுது பார்த்திருக்கிறார்கள். வாசித்து முடித்ததும் நிமிர்ந்து உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பாருங்கள். அதே முகம்! ஓவியர்கள் அந்த முகத்தை வழக்கமாக்கிய பிறகு எவரோ உட்கார்ந்து எழுதியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யூதேயாவை ஆண்ட தேசாதிபதிகளில் லெந்துலு என்று ஒருவர் கிடையாது. 15-ஆம் நூற்றாண்டிலேயே லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் இது போலி என்று எழுதிவிட்டார். அவர் குருப்பட்டம் பெற்ற திருச்சபைக்காரர் என்பதைப் போதகர் ஐயாவிடம் மறக்காமல் சொல்லுங்கள். கிளறியது உள்ளே இருந்தவர்தான்.

வரும் ஞாயிறு பாட்டும் ஜெபமும் முடிந்ததும் முதல் பேச்சே இதுவாக இருக்கட்டும்: "போன மாசம் நான் வாசிச்ச கடிதம் பொய். விசாரிக்காம வாசிச்சிட்டேன். கண்டுபிடிச்சது இவதான்." அதோடு நிறுத்துங்கள், நீட்டி முழக்க வேண்டாம். நான் 30 வருடம் பள்ளியில் வரலாறு எடுத்தவன். கரும்பலகையில் தப்பாக எழுதிய வருடத்தை அழித்துத் திருத்திய நாளில் எந்தப் பையனும் என்னை மதிக்காமல் போனதில்லை. அழிக்காமல் சமாளித்த நாட்களைத்தான் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அடுத்து, அவள் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் இருக்கிறது.

கி.பி. 64-இல் ரோமாபுரி தீப்பற்றி எரிந்தது. பழியைப் பேரரசன் நீரோ கிறிஸ்தவர்கள்மேல் போட்டான். இதை 116 வாக்கில் எழுதிய தாசித்து என்ற ரோம வரலாற்றாசிரியர், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று போகிறபோக்கில் சொல்கிறார்: திபேரியுராயன் காலத்தில் யூதேயாவின் தேசாதிபதி பொந்தியு பிலாத்து கொன்றுபோட்ட கிறிஸ்து என்பவனால் வந்ததாம். தாசித்துக்குக் கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாது. கேடுகெட்ட மூடநம்பிக்கை என்கிற ரீதியில்தான் பேசுகிறார். வேண்டாதவன் சொல்லும் சாட்சிக்கு மதிப்பு அதிகம். ஆனால் சம்பவம் நடந்து 80 வருடத்துக்குப் பிறகு எழுதியவர், கிறிஸ்தவர்கள் சொன்னதைக் கேட்டே எழுதியிருக்கலாமே என்று அந்தப் பிள்ளை கேட்டால், ஆராய்ச்சியாளர்களும் அதைக் கேட்கிறார்கள் என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர் 93 வாக்கில் எழுதிய நூலில் இயேசு இரண்டு இடத்தில் வருகிறார். ஒன்றில் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். "அவரே கிறிஸ்து" என்றும், மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்றும் அதில் இருக்கிறது. கிறிஸ்தவராகாத யூதர் ஒருவர் இப்படி எழுதுவாரா? படியெடுத்த கிறிஸ்தவக் கைகள் இடையில் வரிகளைச் செருகிவிட்டன, அடியில் யோசேப்பின் சொந்த வரிகள் சில இருக்கின்றன என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஆக, லெந்துலு மாதிரி வேலை நம் ஆட்களுக்குப் புதிதில்லை! மற்ற இடத்தில் அவ்வளவு சிக்கல் இல்லை. 62-இல் பிரதான ஆசாரியன் ஒருவன் சிலரைக் கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுத்ததைச் சொல்லும்போது, "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு" என்று ஒரு ஆளை அடையாளம் காட்டிவிட்டு மேலே போய்விடுகிறார். யாரையும் புகழவில்லை, இன்னார் தம்பி என்று ஊரில் சொல்வது போலத்தான். எனக்கு இந்த அரை வரிதான் எல்லாவற்றையும்விட கனமாகப் படுகிறது.

பிள்ளைகளுக்குக் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும் என்றால் பிலாத்துவின் கல்லைக் காட்டுங்கள். 1961-இல் செசரியா கடற்கரையில் பழைய ரோம அரங்கைத் தோண்டிய இத்தாலியக் குழுவுக்குக் கிடைத்த சுண்ணாம்புக்கல். உயரம் 82 சென்டிமீட்டர். ஏதோ கட்டடத்துக்குப் பெயர்க்கல்லாக இருந்ததைப் பிற்காலத்தில் யாரோ பெயர்த்து வந்து படிக்கட்டில் பதித்துவிட்டார்கள். இடப்பக்கம் எழுத்துகள் கொத்தப்பட்டுப் போய்விட்டன. மிஞ்சியதில் "...தியுஸ் பிலாத்துஸ்" என்பது தெளிவாக நிற்கிறது, கீழே யூதேயா. எத்தனை பேர் மிதித்து ஏறியிருப்பார்கள், பாருங்கள். ஆனால் இந்தக் கல் பிலாத்துவுக்குத்தான் சாட்சி, இயேசுவுக்கு அல்ல. கல் கிடைத்ததும் பைபிள் நிரூபணமாகிவிட்டது என்று முழங்கும் வீடியோக்களை வகுப்பில் போட்டுவிடாதீர்கள்.

பைபிளுக்குள்ளேயே பழமையானது எது என்று கேட்டால் சுவிசேஷங்களுக்கு முன் பவுலின் நிருபங்களை, அதாவது கடிதங்களை, சொல்ல வேண்டும். 1 கொரிந்தியர் எழுதப்பட்டது 50-களின் நடுவில். 15-ஆம் அதிகாரத்தில், "நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும்" என்று தொடங்கி, இயேசு மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், எழுந்தார், கேபாவுக்கு (பேதுருவுக்கு) தரிசனமானார் என்று தனக்கு முன்னிருந்தவர்களிடம் கேட்டதைச் சொல்கிறார். கலாத்தியரில் அந்தக் கேபாவோடு 15 நாள் தங்கினதையும், கர்த்தருடைய சகோதரன் யாக்கோபைப் பார்த்ததையும் எழுதுகிறார். யோசேப்பு அரை வரியில் சொன்ன அதே யாக்கோபுதான்.

இயேசு என்றொருவர் இருந்தார், பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் கொல்லப்பட்டார் என்பதைத் துறை சார்ந்த அறிஞர்களில் மிகச் சிலரே மறுக்கிறார்கள். விசுவாசத்தை விட்டு விலகிய பார்ட் எர்மான் என்ற புதிய ஏற்பாட்டு அறிஞர்கூட மறுப்பதில்லை. சீஷர்கள் அவரை உயிரோடு கண்டதாக ரொம்பச் சீக்கிரமே சொல்லத் தொடங்கினார்கள் என்பதையும் வரலாறு சொல்லும். அவர் எழுந்தாரா என்று கேட்டால், என்னைப் போன்ற வரலாற்று வாத்தியாரிடம் அதற்கு அளவுகோல் இல்லை. அது உங்கள் விசுவாசத்தின் இடம். அங்கே நீங்கள் "நான் நம்புகிறேன்" என்று சொல்லலாம். "நிரூபித்துவிட்டார்கள்" என்று சொல்லக் கூடாது.

இன்னொன்று அவள் எப்படியும் கேட்பாள், தயாராக இருங்கள். லூக்கா 2-இல், இயேசு பிறந்த சமயம், சீரியாவில் சிரேனியு என்பவர் தேசாதிபதியாயிருந்தபோது குடிமதிப்பு எழுதப்பட்டதாக வருகிறது. மேலே சொன்ன வரலாற்றாசிரியர் யோசேப்பின் கணக்கில் அது கி.பி. 6. மத்தேயுவோ இயேசு ஏரோது ராஜாவின் நாட்களில் பிறந்தார் என்கிறார். பெரும்பாலானவர்கள் கணக்குப்படி ஏரோது செத்தது கி.மு. 4. இடையில் ஏறக்குறைய பத்து வருடம் இடிக்கிறது. பல விளக்கங்கள் சொல்கிறார்கள், எல்லோரும் ஏற்ற விளக்கம் ஒன்றுமில்லை. அதை அப்படியே சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் முதலில் கேட்டால் அவளுக்கு அது ஒரு பாடம். இல்லையென்றால் அதுவும் ஃபோனில்தான் வரும்.

போதகர் ஐயாவோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். லூக்கா தன் புத்தகத்தைத் தொடங்கும்போது எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்து எழுதுவதாகத்தானே சொல்கிறார், நானும் கொஞ்சம் விசாரிக்கிறேன் ஐயா என்று பவ்வியமாகக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சங்கடமான வேலை. அந்தக் கடிதத்தை நீங்கள் சபை வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கீழே வரிசையாக "ஆமென்" வந்திருக்கும். வகுப்பில் சொன்ன அதே இரண்டு வரியை அங்கேயும் போடுங்கள். பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் மறந்துவிடுவார்கள், பெரியவர்கள்தான் கோபிப்பார்கள். அதனால் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் போடாதீர்கள், சாயங்காலமாகப் போடுங்கள்.